சும்மா நிற்கும் கால்கள்

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது "நட்பு", "நாளைய இந்தியா", "வேலையில்லாத் திண்டாட்டம்" என்று மூன்று தலைப்புகளை முன்னால் நீட்டினார்கள். மூன்றுமே எனக்கு வராது. எனக்குத் தெரிந்தது ஒரு ஐ.சி.யும் அதன் பதினான்கு கால்களும்தான். அதிலும் நான் பயன்படுத்தாமல் விட்ட ஆறு கால்களைப் பற்றியே இந்தக் கட்டுரை. சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். ரிலே அடித்துக்கொள்ளும் சத்தத்தைக் கேட்டு முதலில் சிரித்ததே ஒரு மெக்கானிக்கல் நண்பன்தான்.

எங்கள் குழுவின் புராஜெக்ட் தண்ணீர்த் தொட்டிக் கட்டுப்பாட்டுக் கருவி. புதுமையே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். வருஷா வருஷம் யாராவது ஒரு குழு இதைச் செய்யும். தொட்டியில் தண்ணீர் இறங்கினால் மோட்டார் ஓடணும், நிரம்பினால் நிற்கணும். இரண்டு மட்டம், ஆகவே இரண்டு கம்பாரேட்டர். கடையில் கிடைத்தது எல்.எம். 339. அதற்குள் நான்கு கம்பாரேட்டர் இருக்கும். இரண்டை எடுத்துக்கொண்டோம், இரண்டை விட்டுவிட்டோம். எந்த இரண்டு? அதை யோசிக்கவே இல்லை. வயர் போட வசதியாகத் தெரிந்த முதலாவதும் நாலாவதும். மிச்சமான இரண்டாவது, மூன்றாவது கம்பாரேட்டர்களின் கால்கள் 6, 7, 8, 9. அவற்றின் வெளியீடுகள் 1, 14. ஆறு காலும் அந்தரத்தில் நின்றன.

ஹாஸ்டல் அறையில் பக்கெட்டில் கம்பியை விட்டுப் பார்த்தபோது எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. நாங்களும் பரோட்டா சாப்பிட்டு வெற்றி விழா கொண்டாடி முடித்துவிட்டோம். லேபில் மாடல் வைவா அன்றுதான் வினை. மேலே ட்யூப் லைட் வரிசை, பக்கத்து மேசையில் சோல்டரிங் அயர்ன், அந்தப் பக்கம் யாரோ ஓட்டிக்கொண்டிருந்த ட்ரில்லிங் மெஷின். தண்ணீர் மேல் கம்பியைத் தொட்ட நொடியில் ரிலே 'டக்' என்று ஒரு தடவை அடித்து நிற்பதற்குப் பதிலாக 'டர்ர்ர்' என்று பல்லைக் கடித்தது. தண்ணீர் இன்னும் ஒரு விரல்கடை ஏறியதும் அடங்கியது. இறங்கும்போது மறுபடியும் 'டர்ர்ர்'.

வைவா பார்க்க வந்த சார் அந்தச் சத்தத்தைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. போர்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இந்த நாலு கால் ஏம்ப்பா வெறுமனே நிக்குது?"

"அது யூஸ் பண்ணல சார்."

"நீ யூஸ் பண்ணல. ஐ.சி. யூஸ் பண்ணுதே!"

அவ்வளவுதான். போர்டை வைத்துவிட்டு அடுத்த குழுவுக்குப் போய்விட்டார். அன்று அவர்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இன்று அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கட்டுரையே எழுதுகிறேன்.

சாயங்காலம் லேப் மூடும் நேரத்தில் சி.ஆர்.ஓ.வை எடுத்து 14-ஆம் காலில் வைத்தோம். ஒன்றும் தெரியவில்லை. "பாத்தியா, சும்மாதான் இருக்கு" என்றான் நண்பன். பிறகுதான் மண்டையில் உறைத்தது: 339-இன் வெளியீடு ஓப்பன் கலெக்டர். உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டரால் கீழே இழுக்க மட்டும்தான் முடியும், மேலே தள்ளத் தெரியாது. மேலே இழுக்க ஒரு மின்தடை இல்லாவிட்டால் அது செய்கிற வேலை கண்ணுக்கே தெரியாது. 12 வோல்ட்டிலிருந்து ஒரு 10 கே மின்தடையை 14-க்குப் போட்டோம். திரையில் சதுர அலை வந்தது. ஒரு சுற்றுக்கு 20 மில்லி செகண்ட். நம் வீட்டுக் கரண்ட்டின் அதே 50 ஹெர்ட்ஸ்! விரலை 8, 9 கால்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் அலை கோணிக்கொண்டது, எடுத்தால் மறுபடி வந்தது. நாங்கள் வேலையே கொடுக்காத கம்பாரேட்டர் எங்களைவிட மும்முரமாக உழைத்துக்கொண்டிருந்தது.

ஏன் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கம்பாரேட்டருக்குத் தெரிந்தது ஒரே வேலை. பிளஸ் உள்ளீடு பெரிசா, மைனஸ் உள்ளீடு பெரிசா? அதைச் சொல்லிக்கொண்டே இருக்கும். "கேட்கவில்லையே, நீ எதுக்குச் சொல்ற?" என்றால் அதற்குப் புரியாது. 339-இன் உள்ளீட்டில் இருப்பது பி.என்.பி. டிரான்சிஸ்டர். அந்தக் காலிலிருந்து சுமார் 25 நானோ ஆம்பியர் வெளியே வரும். அது போக வழியில்லாமல் காலை அந்தரத்தில் விட்டால் கால் மெல்ல மேலே மிதந்து, எங்கோ ஒரு மட்டத்தில் நிற்கும். இரண்டு உள்ளீடுகளும் அப்படி மிதந்தால் இடையே சில மில்லிவோல்ட் வித்தியாசம்கூட இருக்காது. ட்யூப் லைட்டிலிருந்து வரும் ஹம் அந்தச் சில மில்லிவோல்ட்டைத் தாராளமாகக் கொடுக்கும். பிரெட் போர்டின் ஒவ்வொரு வரிசைத் தகடும், பி.சி.பி.யில் பாதியில் நிற்கும் ஒவ்வொரு ட்ராக்கும் ஒரு குட்டி ஆண்டெனாதானே.

"சரிப்பா, அது ஆடிட்டுப் போகட்டும். வெளியீட்டைத்தான் எங்கேயும் கொடுக்கலியே, நமக்கென்ன நஷ்டம்?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஒரே காம்பவுண்டுக்குள் நான்கு குடித்தனம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் பொது, தண்ணீர்க் குழாய் பொது. இரண்டு வீடு காலி என்று கதவைத் திறந்து போட்டுவிட்டு வந்தால், நடு ராத்திரியில் யாரோ அந்த வீட்டுக் குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்க, நம் வீட்டுக் குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வரும். 339-க்குள் நான்குக்கும் சப்ளை ஒன்று, தரை ஒன்று, கீழே இருக்கும் சிலிக்கான் துண்டும் ஒன்று. போதாததற்கு 9-ஆம் காலுக்கு ஒட்டிய பக்கத்துக் கால் 10; அது நாங்கள் பயன்படுத்திய உள்ளீடு. 6-க்குப் பக்கத்துக் கால் 5, அதுவும் அப்படியே.

இதற்குப் பிறகு நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் உங்களில் பாதிப் பேர் இதைத்தான் செய்வீர்கள் என்பதால் சொல்கிறேன். எல்.எம். 324 ஆப்-ஆம்பில் மீதமுள்ளவற்றை என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். வெளியீட்டை மைனஸ் உள்ளீட்டோடு இணைத்து, பிளஸ் உள்ளீட்டை சப்ளையின் பாதியில் வைத்தால் அது பஃபராகி அமைதியாக உட்கார்ந்துவிடும். அதே வைத்தியத்தை 339-க்கும் செய்தேன். 14-ஐ 8-உடன் சேர்த்தேன், 1-ஐ 6-உடன் சேர்த்தேன். 7, 9 இரண்டையும் எங்கள் 6 வோல்ட் ரெஃபரன்ஸில் கொடுத்தேன். சோதனைக்குப் போட்ட 10 கே அங்கேயே இருந்தது, ஒழுங்காக இருக்கட்டும் என்று 1-ஆம் காலுக்கும் ஒன்று போட்டேன்.

ரிலே முன்னைவிடக் கேவலமாக அடித்துக்கொண்டது. சி.ஆர்.ஓ.வில் பார்த்தால் இப்போது 50 ஹெர்ட்ஸ் இல்லை, லட்சக்கணக்கில்! ஆப்-ஆம்புக்குள் அதை நிதானப்படுத்த ஒரு கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். ஃபீட்பேக் கொடுத்தாலும் ஆடாமல் நிற்பது அதனால்தான். கம்பாரேட்டரில் அது கிடையாது. வேகம்தானே அதன் வேலை. அதன் வெளியீட்டை அதன் மைனஸ் காதிலேயே ஓதினால், "பெரிசு" என்றதும் "சிறிசு" என்று மாறும், "சிறிசு" என்றதும் "பெரிசு" என்று மாறும். முடிவே இல்லை. அந்த ஆட்டமெல்லாம் 7, 9 வழியாக ரெஃபரன்ஸில் இறங்கியது. அதே ரெஃபரன்ஸைத்தான் நல்ல கம்பாரேட்டர்கள் இரண்டும் நம்பியிருந்தன. இரண்டு 10 கே மின்தடையால் பிரித்த ரெஃபரன்ஸ். அதற்கு ஒரு கெப்பாசிட்டர் கூட நான் போடவில்லை.

இரண்டும் முக்கோணம்தான். ரெகார்டில் வரையும்போது ஆப்-ஆம்புக்கும் கம்பாரேட்டருக்கும் ஒரே படம். அந்த ஒரே படம்தான் என்னை ஏமாற்றியது. கால்களின் வரிசைகூட ஒன்றல்ல. 324-இல் சப்ளை 4, தரை 11. 339-இல் சப்ளை 3, தரை 12. சாக்கெட்டில் மாற்றிச் செருகிய நண்பர்களுக்கு அது என்ன வாசனை வரும் என்று தெரியும்.

அப்புறம்தான் டேட்டா ஷீட்டைப் படித்தேன். (முதலிலேயே படித்திருக்கலாமே என்று சொல்லும் உத்தமர்கள் அடுத்த கட்டுரைக்குப் போகலாம்.) 339-ஐ 1970-களில் கொண்டுவந்த நேஷனல் செமிகண்டக்டரின் ஏட்டில் இதற்கு ஒரே ஒரு வரி இருக்கிறது: பயன்படாத கம்பாரேட்டரின் எல்லாக் கால்களையும் நெகட்டிவ் சப்ளையில் கட்டிவிடு. நமக்கு நெகட்டிவ் சப்ளை என்றால் தரை. வெளியீட்டையும் சேர்த்தேதான் சொல்கிறார்கள். ஓப்பன் கலெக்டர் என்பதால் அது சரி. மேலே தள்ளத் தெரியாத டிரான்சிஸ்டரைத் தரையில் கட்டினால் அதற்கு ஒன்றும் ஆகாது.

2011-இல் நேஷனல் செமிகண்டக்டரை டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வாங்கிவிட்டது. டெக்சாஸின் புதிய கம்பாரேட்டர் ஏடுகளைப் பார்த்தால் வேறு மாதிரி எழுதியிருக்கிறது: இரண்டு உள்ளீடுகளையும் ஒன்றாகக் கட்டாதே, ஒன்றைத் தரையிலும் மற்றதை ரெஃபரன்ஸிலோ சப்ளையிலோ வை, இடையில் குறைந்தது 50 மில்லிவோல்ட் வித்தியாசம் இருக்கட்டும் என்கிறார்கள். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் வித்தியாசம் பூஜ்யம். அப்போது தீர்ப்புச் சொல்வது ஆஃப்செட்தான். 339-க்கு அது மாதிரிக்கு 2, அதிகபட்சம் 5 மில்லிவோல்ட். அது பிளஸ்ஸா மைனஸா என்பது ஐ.சி.க்கு ஐ.சி. மாறும். ஆஃப்செட் ரொம்பக் குறைவான, வேகமான புது ஐ.சி.யாக இருந்தால் தன் சொந்த நாய்ஸைப் பார்த்தே குலைக்க ஆரம்பித்துவிடும்.

அப்படியானால் எதைக் கேட்பது? என் கருத்தைச் சொல்கிறேன், மறுப்பவர்கள் கேண்டீனில் பேசிக்கொள்ளலாம். பழைய 339, 393 இரண்டும் நிதானமான ஆசாமிகள். 5 மில்லிவோல்ட் ஓவர் டிரைவில் பதில் சொல்ல 1.3 மைக்ரோ செகண்ட் எடுப்பவை. இவற்றுக்குப் பழைய வழியே போதும். ரெஃபரன்ஸ் பக்கத்திலேயே கிடைத்தால் புதிய வழி இன்னும் நல்லது. ஆனால் வெளியீடு புஷ்-புல் ஆக இருக்கும் கம்பாரேட்டரில், உதாரணமாக டி.எல்.சி. 3702, எம்.சி.பி. 6541 போன்றவற்றில், பழைய வழியைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யாதீர்கள். வெளியீட்டைத் தரையில் கட்டிவிட்டு அது மேலே தள்ள நினைத்தால் நேராக ஷார்ட். 324-க்கும் இதே கதிதான். அங்கே வெளியீட்டைச் சும்மா விடுங்கள், உள்ளீடுகளை மட்டும் கட்டுங்கள்.

எங்கள் போர்டில் 10 கே இரண்டையும் பிடுங்கினோம். 6, 8 தரைக்கு; 7, 9 ரெஃபரன்ஸுக்கு; 1, 14 காலி. 'டர்ர்ர்' பாதியாகக் குறைந்தது. பாதிதான்! முழுப் பழியையும் சும்மா நின்ற கால்கள் மேல் போட்டால் அது பொய்யாகிவிடும். தண்ணீர் அலம்பி அலம்பி ஏறும்போது உள்ளீடு மெல்ல எல்லையைக் கடக்கும், அந்த இடத்தில் எந்தக் கம்பாரேட்டரும் தடுமாறும். வெளியீட்டிலிருந்து பிளஸ் உள்ளீட்டுக்கு 1 மெக் ஓம் போட்டு ஹிஸ்டரிசிஸ் கொடுத்தோம். ரெஃபரன்ஸுக்கு ஒன்று, சப்ளை காலுக்கு ஒன்று என 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் போட்டோம். அப்புறம்தான் 'டக்' என்று ஒரே அடி.

பிறகு நிஜ வைவாவுக்காகப் புதுசாக ஒரு போர்டு போட்டோம். ஃபெர்ரிக் குளோரைடு கறை இன்னும் என் சட்டையில் இருக்கிறது. அதை வரையும்போதுதான் கண்ணில் பட்டது, எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தராத ஒன்று. 339-இன் கால் வரிசையைப் பாருங்கள். முதல், இரண்டாம் கம்பாரேட்டர்களின் கால்கள் எல்லாம் 1-லிருந்து 7 வரை ஒரே பக்கம், சப்ளையும் அங்கேதான். மறுபக்கம் 8-லிருந்து 14 வரை மூன்றாவதும் நாலாவதும், நடுவில் தரை. அதாவது இரண்டு போதும் என்றால் முதலாவதையும் இரண்டாவதையும் எடுத்துக்கொள்ள வேண்டும். மறுபக்கத்து ஏழு கால்களையும் ஒரே பட்டையான ட்ராக்கில் தரைக்குக் கட்டிவிடலாம். ஜம்பர் இல்லை, மின்தடை இல்லை, ஒரே கோடு! பழைய ஏட்டின் அந்த ஒரு வரி அப்படியே செம்பில் வந்துவிடுகிறது. நான் யோசிக்காமல் முதலாவதையும் நாலாவதையும் எடுத்ததால்தான் இருபுறமும் சிதறி அவ்வளவு வயர்.

இரண்டே போதும் என்றால் எட்டுக்கால் 393-ஐ வாங்கியிருக்கலாமே என்பீர்கள். வாங்கியிருக்கலாம். கடையில் இருந்தால் வாங்குங்கள். ஆனால் ஒன்றே போதுமானவருக்கு 393-இலும் ஒன்று மிஞ்சத்தான் செய்யும்.

வெறும் ஐ.சி.யோடு இது முடிவதுமில்லை. மைக்ரோ கன்ட்ரோலர் லேபில் 89சி2051 எடுத்தவர்களுக்கு ஒரு சங்கதி. பி1.0, பி1.1 இரண்டு காலுக்கும் உள்ளே புல்-அப் கிடையாது, ஏனென்றால் அவை உள்ளிருக்கும் கம்பாரேட்டரின் உள்ளீடுகள். அதன் வெளியீடு பி3.6-க்குப் போகிறது, அந்தக் கால் வெளியே வரவே இல்லை. "சார், இந்த ரெண்டு பின் மட்டும் ஹை ஆக மாட்டேங்குது, ஐ.சி. போயிடுச்சு" என்று எத்தனை நல்ல ஐ.சி.க்கள் குப்பைக்குப் போயிருக்கும்! பிக் 16எஃப்628-இல் சிஎம்கான் ரெஜிஸ்டரில் 7 எழுதி கம்பாரேட்டரை அணைக்காவிட்டால் போர்ட் ஏ-யின் முதல் நான்கு கால்களை டிஜிட்டல் உள்ளீடாகப் படிக்க முடியாது. ஆர்டுயினோ ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328-இலும் அதை அணைக்க ஏசிடி என்று ஒரு பிட் உண்டு.

இப்போது என் ஆதங்கத்துக்கு வருகிறேன். நம் லேப் மேனுவலில் ஒரு முக்கோணம் வரைந்திருக்கும். சப்ளை கால், தரைக் கால் இருக்காது. மற்ற மூன்று முக்கோணங்களைப் பற்றி மூச்சே இருக்காது. நாமும் அதையே ரெகார்டில் இறக்கி, சீலும் கையெழுத்தும் வாங்கிவிடுகிறோம். கம்ப்யூட்டரில் சிமுலேஷன் செய்தாலும் இதே கதைதான். நாம் எடுத்துப் போடாத முக்கோணம் அங்கே பிறக்கவே இல்லை, ஆகவே ஆடுவதும் இல்லை. கீகேட் மாதிரி சில மென்பொருள்கள் மட்டும் சோதனையின்போது "இந்த ஐ.சி.யில் இன்னும் பகுதிகள் மிச்சம் இருக்கின்றன" என்று எச்சரிக்கை கொடுக்கும். அந்த மஞ்சள் எழுத்தை நாம் படிக்காமல் மூடுகிறோம் என்பது வேறு விஷயம்.

ஆகவே சங்க நிர்வாகிகள் மூலமாகத் துறைத் தலைவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைக்கச் சொல்கிறேன். புராஜெக்ட் ரெகார்டில் சர்க்யூட் படத்துக்கு அடுத்த பக்கம், "பயன்படாத கால்கள்" என்று ஒரு பக்கம் கட்டாயமாக இருக்கட்டும். எந்த ஐ.சி., எந்தக் கால், எங்கே கட்டியிருக்கிறது, ஏன். அரைப் பக்கம் போதும். வைவாவில் அதிலிருந்து ஒரு கேள்வி கேட்கட்டும். பின் பக்கத்துப் பெஞ்சிலிருந்து "இருக்கிற ரெகார்டே எழுத முடியல, இதுல இன்னொரு பக்கமா?" என்ற குரல் வருவது எனக்குக் கேட்கிறது. அண்ணே, அதே ரெகார்டில் முதல் இரண்டு பக்கம் நன்றியுரை எழுதுகிறோமே, அதில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம்.

நிஜ வைவாவில் அந்தக் கேள்வி எங்களிடம் யாரும் கேட்கவில்லை. வந்தவர் மோட்டார் குதிரைத்திறனைக் கேட்டுவிட்டுப் போய்விட்டார். ஆனால் போர்டைப் பார்த்த ஜூனியர் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, மேல் தொட்டி நிரம்பினா நிக்குது, சரி. கீழ சம்ப்ல தண்ணியே இல்லைன்னா மோட்டார் வெறுமனே ஓடிக் காயில் புகைஞ்சிடாதா?" நியாயமான கேள்வி. பிளேடை எடுத்து 8-க்கும் 9-க்கும் நடுவில் ஒரு வெட்டு, 9-க்கும் 10-க்கும் நடுவில் ஒரு வெட்டு, 13-க்கும் 14-க்கும் நடுவில் ஒரு வெட்டு. மூன்றாவது கம்பாரேட்டர் கைக்கு வந்துவிட்டது. சம்ப்பில் ஒரு கம்பி விட்டு அதற்கு வேலை கொடுத்தோம். மிச்சம் 10, 11, 13. அவை 12-ஆம் காலோடு சேர்ந்து தரையிலேயே இருக்கின்றன.